வியாழனுக்குப் போன தொடர்கதை

எங்கள் பத்திரிகையின் முதல் இதழில் அட்டையிலேயே பிழை விழுந்துவிட்டது. ‘பனிக்கு மேலே’ என்ற பெயர் பெரிய எழுத்தில் சரியாகத்தான் இருந்தது. அதன் கீழே ‘விஞ்ஞானக் கதை இதழ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘விஞ்ஞானக் கதை இகழ்’ என்று வந்திருந்தது. பிரதிகளை எல்லாம் எடுத்து, நடுவில் மடித்து, ஸ்டேப்ளர் அடித்து அடுக்கிய பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. தட்டச்சு செய்தவள் நான். திருத்துவதற்குப் பேனாவைத் தேடினேன். தோழி ஒரு பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

“விடு புள்ள. எப்படியும் இகழத்தான் போறாங்க. நாமளே முந்திக்கிட்டோம்னு நெனச்சுக்க.”

அப்படியே அனுப்பினோம். இன்றைக்கும் பழைய வாசகர்கள் சிலர் எங்களை ‘இகழ்காரங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

நானும் அவளும் மலையகத்தில், நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவில் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். கோடிக் காம்பரா அவர்களுடையது, நடுக் காம்பரா எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் நூலகம் என்று ஓர் அலுமாரி இருந்தது. அதற்குள் ஒரு மொழிபெயர்ப்பு நாவல். அட்டை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. தூரத்து நட்சத்திரம் ஒன்றுக்குப் போகும் கப்பலில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். இனி யாருக்கு எவ்வளவு என்று எல்லாரும் கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சின் நடுவிலேயே புத்தகம் நின்றுவிடும். அந்த மாதம் எங்கள் லயத்துப் பீலியிலும் தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றபடி நாங்கள் அந்தக் கப்பலைப் பற்றியே பேசினோம். அவள் ஒரு முடிவு எழுதினாள், நான் ஒரு முடிவு எழுதினேன். அவளுடைய கதையில் ஒரு வால்நட்சத்திரத்தின் பனிக்கட்டியை உடைத்து உருக்கிக் குடித்தார்கள். என்னுடைய கதையில் எல்லாரும் செத்துப்போனார்கள். அவள் எழுத்தாளராகவும் நான் பத்திரிகை ஆசிரியராகவும் ஆனதற்கு அதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

உயர்தரப் பரீட்சையில் இரண்டு பேருக்குமே பல்கலைக்கழகம் போகுமளவுக்குப் புள்ளி வரவில்லை. அவள் நோர்வூட் பசாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். நான் நாலு கடை தள்ளி, போட்டோ கொப்பி எடுக்கிற, போனுக்கு ரீலோட் போடுகிற ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். பகல் சாப்பாட்டுக்கு அவள் என் கடைக்கு வந்துவிடுவாள். ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டே கதை பேசுவோம். ஒருநாள் கைகூடக் கழுவாமல் போட்டோ கொப்பி மெஷினைக் காட்டி, “இதை வெச்சுக்கிட்டு நாம ஏன் சும்மா இருக்கோம்?” என்று கேட்டாள்.

மெஷின் எங்கள் முதலாளியுடையது. பசாரிலேயே பிறந்து வளர்ந்தவர். நெற்றியில் விபூதி அழியாமல் இருக்கும். சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள் விளக்குப் போடுகிறவர். அனுமதி கேட்டபோது அவர் எங்கள் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினார்.

“இதுல சாமி வருமா?”

“இல்லீங்க மொதலாளி.”

“அரசியல்?”

“அதுவும் இல்ல.”

“அப்ப என்னாதான் வருது?”

“ராக்கெட்டு வரும்ங்க. வேற கிரகத்து ஆளுங்க வருவாங்க.”

அவர் பிரதியைத் திருப்பி நீட்டினார். “சரி, எடுங்க. கடை சாத்துறதுக்கு முன்னுக்கு எடுத்து முடிச்சிறணும். மை கொட்டக் கூடாது” என்றார்.

இப்படித்தான் ‘பனிக்கு மேலே’ தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. படங்களை அவளே நீலப் பேனாவால் வரைவாள். போட்டோ கொப்பியில் அது சாம்பலாக விழும். ஹட்டன் பஸ் கண்டக்டர் ஒருவர் கட்டுகளை வாங்கிக்கொண்டு போய், வழியில் டியூஷன் வகுப்பு இருக்கிற இடங்களில் இறக்கிவிடுவார். பொகவந்தலாவைக்குப் போயிற்று. எப்படியோ மலையைச் சுற்றி அக்கரப்பத்தனைக்கும் போயிற்று. அங்கிருந்து மரக்கறி ஏற்றுகிற லொறி டிரைவர் ஒருவர் எங்களுக்குக் கடிதம் போட்டார். ‘உங்கள் ராக்கெட்டில் எல்லா வசதியும் இருக்கிறது. பிரேக் எங்கே என்று ஒரு கதையிலும் எழுதவில்லையே’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அடுத்த இதழில் அதற்கே ஒரு பக்கம் ஒதுக்கினோம். விண்வெளியில் உராய்வு இல்லை, எதிர்ப்பக்கமாக இன்ஜினைப் போட்டுத்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள். அவர் திரும்ப எழுதினார்: ‘அப்படியென்றால் இறக்கத்தில் கியரில் போவது மாதிரி. இப்போது விளங்குகிறது.’

அவளுடைய கதைகளுக்காகத்தான் பத்திரிகையை வாங்கினார்கள். கொழுந்து பறிக்கிற இயந்திரப் பெண் ஒருத்தி மழையில் துருப்பிடித்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வந்து நின்று லீவு கேட்கிற கதையை எங்கள் தோட்டத்தில் வாசித்துக் காட்டியபோது, வேலை விட்டு வந்த பெண்கள் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். ஒரு வாசகர் சந்திப்பு வைக்கலாம் என்று துணிந்து, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் டியூஷன் மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். அடைமழை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தோம். குடை சொட்டச் சொட்ட, பெஞ்சு நிறைய வந்துவிட்டார்கள். லொறி டிரைவர் பெரிய முள்ளங்கிக் கட்டோடு வந்தார். முதலாளியும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஏதாவது கேட்க இருக்கிறதா என்று நான் சொன்னபோது முதல் ஆளாக அவர்தான் எழுந்தார்.

“எல்லாக் கதையும் வாசிச்சேன். செவ்வாய்க்குப் போறாங்க, புதனுக்குப் போறாங்க. போன எடத்துல உப்பு, புளி, தீப்பெட்டி எங்க வாங்குறாங்க? ஒரு கதையிலயாவது கடை இருக்கா?”

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார். அதற்கடுத்த இதழின் பின்னட்டையில் அவருடைய விளம்பரம் ஒன்று வந்தது. ‘செவ்வாய்க் கிரகத்தில் எமது கிளை விரைவில்’ என்று அவரே வாசகம் எழுதிக் கொடுத்தார்.

அந்த வருஷங்களில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பேச்சுக் குறைவு, கை ருசி அதிகம். ஒரு மகள் பிறந்தாள். பிள்ளைக்கு முலை கொடுத்துக்கொண்டே ஒரு கையால் கதை எழுதுவாள். அந்தக் கதைகளில் எழுத்து சரிந்து சரிந்து போகும். தட்டச்சு செய்யும்போது பிள்ளை எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு விளங்கும்.

பிறகு நாடு முழுக்க வரிசையில் நின்ற வருஷம் வந்தது. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. கடதாசி எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்த நேரம் கரண்ட் இல்லை. டியூஷன் மண்டபத்தில் கிடந்த பழைய கணிதப் பரீட்சைத் தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்பக்கத்தில் ஓர் இதழ் அடித்தோம். முன்னால் கதை, பின்னால் திரிகோணக் கணிதம். சில வாசகர்கள் கணக்குகளைச் செய்து விடையும் அனுப்பியிருந்தார்கள். அதுதான் நாங்கள் கடதாசியில் கொண்டுவந்த கடைசி இதழாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

துணிக்கடையில் ஆட்களைக் குறைத்தார்கள். கொழும்பில் அவள் கணவர் வேலை செய்த கடையும் மூடிவிட்டது. அவர் தகரப் பெட்டியோடு லயத்துக்குத் திரும்பி வந்தார். ஒருநாள் பகல் அவள் வழக்கம்போல என் கடைக்கு வந்தாள். சாப்பாடு கொண்டுவரவில்லை.

“நான் குவைத்துக்குப் போறேன் புள்ள. வீட்டு வேலை. மெடிக்கல் எல்லாம் முடிஞ்சிருச்சு.”

“மகளை யாரு பாக்குறது?”

“அவரு பாப்பாரு. என்னைய விட நல்லா சமைப்பாரு. தலை பின்னத்தான் தெரியாது. அதை நீ சொல்லிக் குடு.”

மெஷினின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பத்திரிகையை நிப்பாட்டிறாத. அங்கிருந்தும் நான் எழுதுவேன்.”

அவளால் எழுத முடியவில்லை. போன வீட்டில் உட்கார நேரம் கிடைக்கவில்லை. பேனா பிடிக்கிற நேரத்தில் துடைப்பம் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற நேரம் அவளுக்கென்று இருந்தது. போனை வாளியின் விளிம்பில் சாய்த்துவைத்துவிட்டு, துணியை உதறிக்கொண்டே கதையைச் சொல்லி, வாட்ஸ்அப்பில் எனக்குக் குரலாக அனுப்புவாள். படீர் என்று விரிப்பை உதறுகிற சத்தம், காற்று, பிறகு அவள் குரல். நான் கடையில் காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வேன். தொலைதூர விண்வெளி நிலையம் ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போன ஒரு பெண்ணின் கதை. அங்கே இருக்கிற விஞ்ஞானிகளின் தலைக்கவசங்களைத் துடைத்து வைப்பது அவள் வேலை. பூமியில் அவளுக்கு ஒரு மகள். மகள் பேசுகிற ஒரு வார்த்தை அங்கே போய்ச் சேர நெடுநேரம் ஆகும். மகள் ‘சாப்ட்டியாம்மா’ என்று கேட்டு, அது அவளுக்குக் கேட்டு, அவள் ‘சாப்ட்டேன்’ என்று சொல்லி, அது திரும்பி வருவதற்குள் மகள் தூங்கிப்போய்விடுவாள்.

நிலையத்தை முதலில் அவள் சனிக் கிரகத்தைச் சுற்றத்தான் விட்டிருந்தாள். வளையங்கள் பார்க்க அழகு என்று சொன்னாள். முதல் அத்தியாயத்தை நான் திரையில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி பின்னால் நின்று வாசித்துவிட்டார்.

“என்னா புள்ள இது? சனியிலயா கொண்டுபோய் வெச்சிருக்கீங்க?”

“வெறும் கிரகந்தானுங்க மொதலாளி.”

“ஒனக்கு அது கிரகம். பெத்த புள்ளைய விட்டுட்டுப் போயிருக்கா அந்தப் பொண்ணு. அவளைப் போய் சனிகிட்ட விடுவாங்களா? மாத்தச் சொல்லு. வியாழன் நல்லது. குரு பார்வை இருக்கும்.”

நான் இதைக் குரலாக அவளுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. முதலில் சிரிப்பு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு, “மொதலாளி சொன்ன மாதிரியே மாத்திரு. வியாழன்னா கிட்டவுந்தானே. பேசுனா முக்கா மணி நேரத்துல கேட்டுரும்” என்றாள்.

இப்படியாக நிலையம் வியாழனுக்கு இடம் மாறியது. இதழை இப்போது போனில்தான் அனுப்பினோம். ஆனால் போன் இல்லாத லயங்களுக்காகக் கொஞ்சம் பிரதிகள் எடுத்தேன், கிடைத்த கடதாசியில். தொடர்கதை பிடித்துக்கொண்டது. மலையில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருத்தர் அப்படிப் போயிருந்தார்கள். அதைப்பற்றி யாரும் உட்கார்ந்து பேசியதில்லை. இந்தக் கதையைப் பற்றி என்றால் பேசினார்கள். ‘அந்தப் பெண்ணுக்கு அங்கே குளிருமா?’ என்று ஒருவர் கேட்டு எழுதினார். அவருடைய மனைவி சவூதியில் இருந்தார்.

மகள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அப்பா தினமும் தலை பின்னிவிடுவார். நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவர் நன்றாகவே பழகிவிட்டார். ஒருநாள் அவர் கடைக்கு வந்து, கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றார்.

“தங்கச்சி, புள்ள டீச்சர்கிட்ட அம்மா வியாழன்ல வேலை செய்றாங்கன்னு சொல்லியிருக்கு. டீச்சர் என்னைய கூப்பிட்டுக் கேக்குறாங்க. நான் என்னா சொல்றது?”

நாங்கள் இரண்டு பேரும் யோசித்தோம். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு ஒருநாள் மனசு உடைந்துபோகும். கதையைப் பறித்துக்கொண்டாலும் உடைந்துபோகும்.

“ரெண்டையும் சொல்லுங்கண்ணே. அம்மா இருக்குறது குவைத்து. அம்மா எழுதுறதுதான் வியாழன்.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கடைச் சுவரிலிருந்த பழைய உலகப் படத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர்கள் காம்பராவில் அது ரொம்ப நாள் ஒட்டியிருந்தது. குவைத் இருந்த இடத்தில் மகள் விரல் வைத்து வைத்து, அந்த இடமே தேய்ந்து வெள்ளையாகிவிட்டது.

பிறகு குரல் நின்றுபோயிற்று. கடைசியாக வந்த அத்தியாயத்தில், நிலையத்தில் ஏதோ மணி அடிக்கிறது, அந்தப் பெண் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறாள் என்பது வரை சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் தூரத்தில் யாரோ அரபியில் கூப்பிடுவது கேட்டது. பதிவு முடிந்துவிட்டது. மணி கதையில் அடித்ததா, அந்த வீட்டில் அடித்ததா என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. போன் அணைந்தே கிடந்தது. அவள் கணவர் அவளை அனுப்பிய ஏஜென்சிக்குப் போய்ப் போய் வந்தார். நாங்கள் கெட்டது எதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் கடைக்கு வந்து நிற்பார், நான் இல்லை என்று தலையை அசைப்பேன், அவர் போய்விடுவார்.

இதழ் கொண்டுவர வேண்டிய காலம் வந்தது. தொடர்கதை இல்லை. வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ‘எழுதுகிறவரிடமிருந்து சேதி வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதி அனுப்புங்கள்’ என்று வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வேறு வழி தெரியாமல்தான் போட்டேன்.

வந்து குவிந்துவிட்டன. டைப் செய்து அனுப்பினார்கள், கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார்கள், குரலாகவும் அனுப்பினார்கள். பொகவந்தலாவையில் ஒரு பாடசாலை மாணவி, மகளே தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற பெரிய விசிறிகளை வைத்து ஒரு கப்பல் கட்டி அம்மாவை அழைத்துவருவதாக எழுதியிருந்தாள். லொறி டிரைவர் எழுதிய முடிவில் வியாழனிலிருந்து பூமி வரைக்கும் ஒரே இறக்கம். கியரிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா எழுதவில்லை, சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அதில் கப்பலும் இல்லை, எதுவும் இல்லை. அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள், அங்கே மலை இருக்கிறது, அவ்வளவுதான். முதலாளி ஒரு தாளை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு எதுவும் சொல்லாமல் சாமான் எடுக்கப் போய்விட்டார். அவருடைய முடிவில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை இருந்தது. கடைக்காரர் அந்தப் பெண்ணுக்குப் பயணச்சீட்டு வாங்கிக் கொடுத்து, வழிக்குச் சாப்பிட மாரி பிஸ்கட்டும் கட்டிக் கொடுத்தார்.

யாரும் அவளைச் சாகவிடவில்லை. ஒருவர்கூட அவளை அங்கே விட்டுவைக்கவில்லை. எல்லாரும் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்த இதழில் வேறு எதுவும் போடவில்லை. இந்த முடிவுகள் மட்டும்தான். அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நாட்களில்தான் எனக்கு முதல்தடவையாகத் தைரியம் வந்தது. ஒவ்வொரு முடிவையும் நானே வாசித்துக் குரலாகப் பதிந்து, அணைந்து கிடந்த அந்த எண்ணுக்கு அனுப்பினேன். எல்லாம் போய்ச் சேராமல் ஒற்றை டிக் கோட்டோடு நின்றன.

ஒரு முற்பகல், கடையில் பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கோடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டைக் கோடாக மாறின. நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். அன்று சாயங்காலம் அழைப்பு வந்தது.

“என்னாடி, எல்லாருமா சேந்து என்னைய வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க? இங்க இன்னும் கான்ட்ராக்டு முடியல்லையே!”

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மாளுக்குக் கடுமையான வருத்தம் வந்து, அவர்களோடு ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கிறாள். ஓடிய ஓட்டத்தில் போன் வாளிக்குள் விழுந்து செத்துவிட்டதாம். யாருடைய எண்ணும் மனதில் இல்லை. அந்த அம்மாள் குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு அவர்களுடைய பேத்தி பழைய போன் ஒன்றில் அவளுடைய சிம்மைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

“மொதல்ல அவருக்குப் பேசு” என்றேன்.

“பேசிட்டேன். அவரு அழுதாரு. கல்யாணம் முடிச்சு இத்தனை வருசத்துல இன்னிக்குத்தான் அவரு அவ்வளவு பேசுனாரு.”

ஒப்பந்தம் முடிந்து அவள் வந்த அன்று நாங்கள் வேன் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். மகள் அப்போது முதலாம் வகுப்பு. புதுச் சட்டை, இரட்டைப் பின்னல், வெள்ளை ரிப்பன். கண்ணாடிக் கதவு வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தபோது எனக்கே கணநேரம் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. மகள் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். தோழி ஓடிவந்து தூக்கவில்லை. வண்டியை விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளியே தரையில் குந்தினாள். ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“நீங்க வியாழன்லேருந்தா வாறீங்க?” என்று மகள் கேட்டாள்.

அவள் என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று நான் நினைத்தேன்.

“இல்ல கண்ணு. குவைத்துலேருந்து. வியாழன் கதை.”

“எனக்குத் தெரியும். அப்பா சொன்னாங்க. சும்மா கேட்டேன்” என்றாள் மகள். ஆனாலும் பக்கத்தில் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் கினிகத்தேனைக்குப் பிறகு வளைவுகள் தொடங்கியதும் மகள் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். இத்தனை காலமும் அவள் பழகிய மடி அது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும், அதைவிடக் கூடுதலாகக் கஷ்டமாகவும் இருந்தது. மெதுவாகத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தேன். “வேணாம், முழிச்சிறும்” என்று தோழி தடுத்துவிட்டாள். கழன்று கிடந்த சின்னச் செருப்புகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நோர்வூட் வரைக்கும் வந்தாள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவள் எதுவும் எழுதவில்லை. வாசகர்கள் கடைசி அத்தியாயத்தைக் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனாள். ஒரு டின்னைத் திறந்தாள், அதில் கடலைப் பருப்பு. இன்னொன்றைத் திறந்தாள், உப்பு. சமையல்காரரான கணவர் எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றி அடுக்கியிருந்தார். அவள் மூடிகளைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றாள். வாசல்பக்கத்து இஸ்தோப்பில் படம் கீறிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்தாள்.

“சீனி அங்க இல்லம்மா. எறும்பு வருதுன்னு அப்பா மேல வெச்சிட்டாங்க. தூக்குங்க, எடுத்துத் தாறேன்.”

அம்மா என்று அவள் அப்படி இயல்பாகக் கூப்பிட்டதை நான் அன்றுதான் கேட்டேன். தோழி மகளைத் தூக்கினாள். சீனி டின்னை எடுத்துக் கொடுத்த பிறகும் இறக்கிவிடவில்லை. “தேயிலைத் தூள் எங்க இருக்கு?” என்று கேட்டாள். மகள் காட்டினாள். “மொளகாத் தூள்?” அதையும் காட்டினாள். தேவையில்லாத சாமானையெல்லாம் கேட்டுக்கொண்டே அவள் பிள்ளையோடு அந்தச் சின்ன அடுப்படியைச் சுற்றினாள். தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்து அடுப்பை அணைத்தேன்.

கடைசி அத்தியாயம் அடுத்த வாரமே வந்தது, தாளில், நிமிர்ந்த எழுத்தில். நிலையத்திலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்குத் தன் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மகள் ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுக்கிறாள். பயணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடதாசி மறுபடியும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அச்சிட்டோம். டியூஷன் மண்டபத்தில் மறுபடி ஒரு சந்திப்பு வைத்து அவளையே வாசிக்கச் சொன்னோம். மகள் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, அம்மா தடுமாறின இடத்தில் வாயசைத்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அப்போது அக்கரப்பத்தனையிலிருந்து முதல்தடவையாக வந்திருந்த ஓர் இளம்பெண் கையை உயர்த்தினாள். பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கிறவள்.

“கதை நல்லாத்தான் இருக்குங்க அக்கா. ஆனா இது விஞ்ஞானக் கதை இல்லையே. கடைசி அத்தியாயத்துல விஞ்ஞானம் எங்க இருக்கு?”

நான் தோழியின் முகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து பார்க்காத ஒரு வெளிச்சம் அதில் வந்தது. அவள் தாள்களை மேசையில் வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“இல்லைன்னு யாரு சொன்னா? தூரம்னா என்னா, நேரம்னா என்னான்னு இதுல இருக்கா இல்லையா? நீயே சொல்லு. அங்க அவளுக்கு ஓடுன நேரமும் இங்க புள்ளைக்கு ஓடுன நேரமும் ஒன்னா?”

“ஒரே நேரந்தான் அக்கா. வியாழன் அவ்வளவு தூரத்துக்கு வித்தியாசம் வராது. அதுக்கு ஒளி வேகத்துக்குக் கிட்டப் போகணும்.”

“கணக்குல வராது. அந்தப் புள்ளையோட ஒசரத்துல வந்துச்சா இல்லையா?”

அந்தப் பெண் விடவில்லை. இவளும் விடவில்லை. இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. பெஞ்சுகள் நகர்ந்தன, ஒருவர் கரும்பலகையில் வியாழனை வரையத் தொடங்கினார். வெளியே ஹட்டன் பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. யாரும் எழவில்லை. கண்டக்டர் இறங்கி மண்டபத்து வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்தார்.

“போறவங்க வாங்க” என்றார். பிறகு, “என்னா சண்டை?” என்று கேட்டார்.

தோழி அவருக்கும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.